அரியர் இருந்தா மன்றத்துக்கு வரக் கூடாதா?

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் நம் பொறியியல் கல்லூரிகளின் நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஏறும். துறை மன்றத்துக்குச் செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், விழா ஒருங்கிணைப்பாளர்கள் தேவை. தகுதி: நடப்பு அரியர் இருக்கக் கூடாது, சிஜிபிஏ ஏழரைக்கு மேல் இருக்க வேண்டும். சில இடங்களில் எட்டு. விண்ணப்பத்தோடு மார்க் ஷீட் நகல் இணைக்க வேண்டும். இந்த வேலைக்கு ஏன் வர நினைக்கிறாய், இதுவரை எதையாவது முன்னின்று நடத்தியிருக்கிறாயா என்று கேட்க அந்தத் தாளில் ஒரு வரி இடம்கூட இருக்காது.

இதை யாரும் ஒரு பிரச்சினையாகவே பார்ப்பதில்லை. 'நல்லா படிக்கிற பசங்க பொறுப்பா இருப்பாங்க' என்கிற ஒரு வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது. என் தரப்பு இதற்கு நேர் எதிரானது. மன்றத்தின் வாசலில் மார்க் ஷீட் கேட்பது அநியாயம். முதல் செமஸ்டரில் தடுக்கி விழுந்த ஒருவனை நான்கு வருடமும் விழுந்தவனாகவே வைத்திருக்கும் ஏற்பாடு அது.

அமெரிக்கக் கல்லூரிகளில் சோரோரிட்டி என்று ஒன்று உண்டு. ஆண்களின் சங்கங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் பெண்கள் தமக்கென்று தொடங்கிய சங்கங்கள். கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட முதல் பெண்கள் சங்கங்களில் ஒன்றான கப்பா ஆல்பா தீட்டா 1870இல் இண்டியானாவில் தொடங்கியது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கட்டிய வீடு அது. இன்று அதே வகைச் சங்கங்களில் சேர ஜிபிஏ வரம்பு இருக்கிறது. சிரித்துப் பேசி, மணிக்கணக்கில் அறிமுகமாகி, எல்லாம் நன்றாக நடந்தாலும் எண் குறைவாக இருந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். சரி, அது தனியார் சங்கம். உறுப்பினர்கள் தங்கள் காசில் நடத்துகிறார்கள், தங்கள் விருப்பப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று வாதாடலாம்.

நம் கல்லூரி மன்றத்துக்கு அந்த வாதமும் கிடையாது. நான் படித்த கல்லூரியில் ஃபீஸ் ரசீதிலேயே அசோசியேஷன் ஃபீ என்று ஒரு வரி இருந்தது. எட்டு அரியர் வைத்தவனும் அதே தொகையைத்தான் கட்டினான். காசு வாங்கும்போது கேட்காத மார்க்கை உள்ளே விடும்போது மட்டும் கேட்பது என்ன நியாயம்?

யார் அரியர் வைக்கிறார்கள் என்று பார்க்காமல் இதைப் பேச முடியாது. எங்கள் பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி அதிகம். விடிவதற்கு முன்னால் மொட்டுப் பறித்து, மூட்டை கட்டி, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு வண்டி ஏற்ற வேண்டும். நேரம் தவறினால் விலை போய்விடும். என்னோடு கல்லூரிக்கு வந்த ஒருவன் அப்படிப்பட்ட வீட்டுப் பையன். அரசுப் பள்ளி, தமிழ் வழி. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க். முதல் செமஸ்டரில் அவனுக்கு மூன்று அரியர். கணக்கு தெரியாமல் வந்த அரியர் இல்லை அது. கேள்வி என்ன கேட்கிறது என்று புரியவே அரை மணி நேரம் ஆகிறவனுக்கு மூன்று மணி நேரம் எப்படிப் போதும்? 'அணி' என்று இரண்டு வருடம் படித்தவனிடம் ஒரே நாளில் 'மேட்ரிக்ஸ்' என்றால் அவன் முதலில் தன் தலைக்குள் ஒரு அகராதி போட வேண்டும். அந்த அகராதி போட்டு முடிக்க அவனுக்கு ஒரு வருடம் ஆனது. மூன்றாம் செமஸ்டரிலிருந்து ஒரு பேப்பர்கூட விடவில்லை.

ஆனால் மன்றத்தின் ஏணி அதற்குள் போய்விட்டிருந்தது. இணைச் செயலாளரை இரண்டாம் வருடத்தில் எடுப்பார்கள். மூன்றாம் வருடத்தில் அவர்களிலிருந்துதான் ஒருங்கிணைப்பாளர், கடைசி வருடத்தில் அவர்களிலிருந்துதான் செயலாளர். முதல் படியில் கால் வைக்காதவனுக்கு மேல் படிகள் இல்லை. அரியரை முடித்துவிட்டாலும் சிஜிபிஏ இருக்கிறதே, அது மொத்தத்தின் சராசரி. பதினெட்டு வயதில் மொழி புரியாமல் வாங்கிய மார்க் இருபத்தோரு வயதிலும் கூட்டலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதில் கேலி என்னவென்றால், வேலைக்கு அவன் வேண்டும். துறை சிம்போசியம் வந்தால் பந்தல்காரரிடம் பேச, மைக் செட் வாடகை குறைக்க, இருநூறு பேருக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்ய, தாரமங்கலத்திலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் ஸ்பான்சர் பிடிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆயுத பூஜை நேரத்தில் ஆள் கூலியும் வண்டி வாடகையும் பூ விலையும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டு வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிய வேலை? மேடையில் பொருளாளர் என்று மாலை வாங்கியவரின் கணக்கு நோட்டை எழுதியதும் அவன்தான். சர்ட்டிபிகேட்டில் பெயர் வரவில்லை. கேட்டதற்கு 'வாலன்டியர்ஸ் எல்லாருக்கும் சேர்த்து நன்றி சொல்லியாச்சுப்பா' என்றார் பொறுப்பாசிரியர். அவனுக்கு அதில் கோபம் இருந்ததா என்று நான் கேட்டேன். "பேரு கெடக்குது, வண்டிக்குப் போட்ட டீசல் காச வாங்கிக் குடுடா" என்றான். அந்தக் காசும் வரவில்லை.

பெண்களுக்கு இது இன்னும் கடுமை. ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பெண்ணுக்கு ஐந்து மணிக்கு மேல் கல்லூரியில் இருக்க வீட்டில் ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம் 'அசோசியேஷன் வேலை'. கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ தோழிகளோடு போக ஒரே வழி வேறொரு கல்லூரியின் சிம்போசியம். அரியர் இருந்தால் ஓ.டி. கிடைக்காது, பெயர் பட்டியலில் வராது. பையன் மன்றத்தில் இல்லையென்றால் டீக்கடையில் நாலு பேரைச் சம்பாதித்துக்கொள்வான். பெண்ணுக்கு வகுப்பு, பஸ், வீடு. ஊர் தாண்டி யாரையும் தெரியாமலே டிகிரி முடிந்துவிடும்.

இப்போது நான் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருடத்தில் சில நாள் போகிறேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நடப்பு அரியர் இல்லை என்கிற வரம்பைத் தாண்டியவர்கள்தான் எங்கள் முன்னால் வருகிறார்கள். பிறகு எங்களிடம் ஒரு மதிப்பீட்டுத் தாள் தருவார்கள். அதில் 'தலைமைப் பண்பு' என்று ஒரு கட்டம். அதை எதை வைத்து நிரப்புவது? ரெஸ்யூமில் 'துறை மன்றச் செயலாளர்' என்று இருந்தால் ஒரு டிக்.

கோடு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிழை உடனே பிடிபட வேண்டும். ஒரே தகவலை இரண்டு பெயர்களில் இரண்டு காலத்தில் போட்டுவிட்டு, இரண்டு தனித்தனிச் சான்றுகள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். மார்க் இருந்ததால்தான் அந்தப் பதவி. அந்தப் பதவிக்காக மறுபடி மார்க். தலைமைப் பண்பு என்று நாங்கள் டிக் அடிப்பது பெரும்பாலும் இரண்டாம் செமஸ்டர் சிஜிபிஏவைத்தான்.

'சட்டமே அப்படித்தானே சொல்கிறது' என்பார்கள். லிங்டோ கமிட்டியைக் காட்டுவார்கள். காட்டட்டும், படித்தும் பார்க்கட்டும். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு மாணவர் பேரவைத் தேர்தல்களுக்காக 2006இல் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும் என்பது அதில் இருக்கிறது. உண்மை. ஆனால் குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதையும் நிர்ணயிக்கப் போவதில்லை என்று அந்தக் குழுவே சொல்லியிருக்கிறது. ஏழரையும் எட்டும் நம் கல்லூரிகளின் சொந்தச் சரக்கு. அதைவிட முக்கியம், அந்த அறிக்கை பேசுவது தேர்தலைப் பற்றி. கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் நடத்தச் சொல்கிறது, ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்கிறது. பணமும் அடியாளும் தேர்தலுக்குள் வராமல் தடுக்கப் போட்ட வேலி அது. அந்த அரியர் நிபந்தனையோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அங்கே மாணவர்கள் கையில் ஓட்டாவது இருந்தது. நம் தனியார் கல்லூரிகள் ஓட்டை எடுத்துவிட்டு வேலியை மட்டும் வைத்துக்கொண்டன.

'படிப்புல கோட்டை விட்டவன் மன்றம் கின்றம்னு அலைஞ்சா இன்னும் கெடுவான்' என்பது அடுத்த வாதம். அக்கறையோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் பதில் சொல்ல வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவனுக்கு எந்தப் புத்தகத்தை எங்கே படிப்பது, எந்த சீனியரிடம் பழைய வினாத்தாள் இருக்கிறது, எந்தப் பேராசிரியர் கேட்டால் சொல்லித்தருவார் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அந்தச் செய்தியெல்லாம் மன்ற அறையில்தான் சும்மா பேச்சில் கைமாறுகிறது. அரியர் வைத்தவனைக் காப்பாற்றக்கூடிய இடத்திலிருந்து அவனை விலக்கிவைத்துவிட்டு, அவன் நன்மைக்காகத்தான் என்கிறோம். அலைவதுதான் பிரச்சினை என்றால் சம்பளமில்லாத வாலன்டியராக ஒரு வாரம் அலைய விடும்போது இந்த அக்கறை எங்கே போகிறது?

கணித மேதை ராமானுஜன் கதையை எல்லோரும் மேதைமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் அதைச் சங்கத்தின் கதையாகப் பார்க்கிறேன். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்து, எஃப்.ஏ. தேறாமல் நின்றவர் அவர். இன்றைய பாஷையில் ஸ்டாண்டிங் அரியர். 1910இல் திருக்கோயிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைத் தேடிப் போகிறார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கொண்டுபோனது நோட்டுப் புத்தகங்கள். அவரும் அதைத்தான் பார்த்தார். மறு வருடமே அந்தச் சங்கத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. அரியர் வைத்த எல்லோரும் ராமானுஜனா என்று கேட்பீர்கள். இல்லை. எல்லோரும் மேதையாக இருக்க வேண்டியதும் இல்லை. சங்கம் நடத்துகிறவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். ஒரு துறை மன்றத்துக்கு வேண்டியது மேதைமையும் கிடையாது. கணக்கு எழுதத் தெரிய வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், நாலு பேரைச் சேர்த்து வேலை வாங்கத் தெரிய வேண்டும்.

சேலம், நாமக்கல் காரர்களுக்கு மார்க் என்றால் என்ன என்று யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஊர் ஊராக ஃபிளெக்ஸில் மார்க் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017இல் நிறுத்தியது. பதினேழு வயதுக்காரர்களை வரிசையில் நிறுத்தியது போதும் என்று அரசுக்கே தோன்றிவிட்டது. கல்லூரிகள் மட்டும் அதே வரிசையை மன்ற அறை வாசலில் மறுபடி போட்டுக்கொண்டிருக்கின்றன.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சுற்றறிக்கையிலிருந்து அந்த இரண்டு வரிகளை எடுக்க வேண்டும். பதவிகளுக்கு அந்தந்த வகுப்பு மாணவர்கள் ஓட்டுப் போட வேண்டும். மூன்றாம் வருடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கும் இடம் வைக்க வேண்டும். வேலை செய்தவர் பெயர் சர்ட்டிபிகேட்டில் இருக்க வேண்டும், டீசல் காசைத் திருப்பித் தர வேண்டும். இன்டர்வியூ மேசையில் என்னைப் போல உட்கார்ந்திருக்கிறவர்கள் பதவியின் பெயரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, 'நீ நடத்தின விழாவுல சாப்பாடு பத்தாமப் போனப்ப என்ன பண்ணே?' என்று கேட்டுப் பார்க்கலாம். யார் மேடையில் இருந்தார், யார் சமையல்காரரிடம் ஓடினார் என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.