வான் இல்லாத குளம்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது வன்னியிலும் பல இல்லங்களிற் பரவியுள்ள பொழுதுபோக்காகும். ஒரு சாடியில் இரண்டு தங்கமீன்களோடு தொடங்குவோர், ஆசை வளர்ந்ததும் நானூறு லீற்றர்த் தொட்டியை முன்கூடத்தில் நிறுத்திவிடுகின்றனர். பின்னர் அவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "நாள்தோறும் நீர் குறைகின்றதே, தொட்டி ஒழுகுகின்றதோ?" என்பதாகும்.

இதனை அறிய எளிய வழியொன்றுண்டு. அகன்ற பாத்திரமொன்றில் நீர் நிரப்பித் தொட்டிக்கருகில் வையுங்கள். காற்றுக்குமிழ் விடும் பொறியை ஓர் இரவு நிறுத்தி, மூடியையும் அகற்றிவிடுங்கள். மறுநாட் காலையில் இரண்டிலும் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரேயளவு தாழ்ந்திருப்பின் ஒழுக்கு இல்லை; நீர் ஆவியாகிக் காற்றிற் கலந்துள்ளது. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆவியாகும் நீரின் அளவு ஆழத்தைப் பொறுத்ததன்று, பரப்பைப் பொறுத்தது. நம் குளங்கள் அகன்றவை, ஆழம் குறைந்தவை. சோளகக் காற்று வீசும் ஆடி, ஆவணியில் இரணைமடு இறங்குவது வயலுக்குத் திறந்த நீரால் மட்டுமன்று. ஒரு சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பில் மட்டம் 5 மில்லிமீற்றர் தாழ்ந்தால், வானத்துக்குப் போன நீர் 50 இலட்சம் லீற்றர்.

இனி நம் தொட்டிக்கு வருவோம். ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் ஒன்றரை அடி நீராழமும் உடையது, கல்லும் மணலும் போக 400 லீற்றர் கொள்ளும். அதில் நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் குறைந்தால் இழப்பு ஏறக்குறைய 4 லீற்றர். அந்த நீர் எங்கே போகும்? 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலே ஒரு கனமீற்றர்க் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியையே தாங்கும். 5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமான கூடத்துக்கு இது 1.8 லீற்றராகும். அதிலும் பெரும்பகுதி முன்னமே காற்றில் இருக்கின்றது. ஆகவே சாளரங்களை அடைத்த கூடத்திலே சில மணி நேரத்திற் காற்று நிறைவுற்றுவிடும். எஞ்சியது குளிர்ந்த சுவரில் வியர்க்கும். மாரிகாலத்திற் புழுக்கொடியல் பூஞ்சணம் பூப்பதும் உப்புச்சாடி கசிவதும் தொட்டியில்லாத வீட்டிலும் நிகழ்வனவே. தொட்டி அதனை மேலும் பெருக்கும். புத்தக அலுமாரியைத் தொட்டியருகில் வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் புத்தகங்களின் மேல்தான் இரக்கம் உண்டாகின்றது. மாரியில் இடைவெளி விட்ட கண்ணாடி மூடி இடுக. பகலிற் சாளரம் திறந்து வைக்க.

கோடையிலோ கதை வேறு. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி மறைவெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. மண்பானை நீர் குளிர்வது இதனாலேதான். வெந்நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். எனவே வெயிற் காலத்திலே தொட்டியை இறுக மூடிவைப்பது மீனை மூச்சு முட்டச் செய்வதாகும். மூடியை நீக்கி, மின்விசிறியின் காற்று நீர்மேற் படும்படி செய்தால் தொட்டி இரண்டொரு பாகை குளிரும். நீர் சற்றுக் கூடுதலாகப் போகும், போகட்டும்.

போகும் நீரைவிட நான் அஞ்சுவது எஞ்சும் பொருளையே. ஆவியாகிச் செல்வது தூய நீர் மாத்திரம். அதிற் கரைந்திருந்த சுண்ணமும் உப்பும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. வவுனியாவிற் கேத்தலின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு நம் கிணற்று நீரின் வன்மையைப்பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 400 லீற்றர்த் தொட்டிக்கு நாள்தோறும் 4 லீற்றர் கிணற்று நீரையே ஊற்றிவந்தால், நூறாம் நாளில் இரண்டு தொட்டி நீரின் உப்பு ஒரு தொட்டிக்குள் இருக்கும். சுண்ணத்தில் ஒரு பகுதி கண்ணாடியில் வெள்ளைக் கோடாகப் படியும். மீன் நோயின்றிச் சோர்வதற்கும், புதிதாக விட்ட மீன் முதல் நாளே மடிவதற்கும் இதுவும் ஒரு காரணமாகலாம்.

இத்தொழிலைப் பெருமளவிற் காண விரும்புவோர் ஆனையிறவுக்குச் செல்க. போரினால் 1990இல் நின்ற உப்பளம் அங்கே மீண்டும் இயங்குகின்றது. 2025இல் உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. பாத்திகளில் நிறுத்திய உவர்நீரை வெயிலும் காற்றும் குடிக்கக் குடிக்க, முதலிற் படிவது சுண்ணம், பின்னர் ஜிப்சம், நீர் பத்திலொரு பங்காகச் சுருங்கும்போது கறியுப்பு. நம் கண்ணாடியிலுள்ள வெள்ளைக் கோடு அந்த வரிசையின் முதற்படிதான்.

அப்படியாயின் நூற்றாண்டுகளாக வெயிலிற் காயும் நம் குளங்கள் ஏன் உப்பளங்களாகவில்லை? மதகு வழியே நீர் வயலுக்குப் போகின்றது. மாரியிற் குளம் நிரம்பி வான் பாய்கின்றது. சேர்ந்த உப்பை அந்த நீர் கொண்டுசெல்கின்றது. தொட்டிக்கு வானும் இல்லை, மதகும் இல்லை. அவ்வேலையைக் கையால் நாமே செய்தல் வேண்டும். கிழமைக்கொரு முறை 60 லீற்றரை இறைத்துவிட்டு, ஆவியான 28 லீற்றரையும் சேர்த்து 88 லீற்றர் கிணற்று நீர் விட்டால், உப்பின் செறிவு கிணற்று நீரைப்போல ஒன்றரை மடங்கினைத் தாண்டாது. 60க்கு 88 என்பதே அக்கணக்கு. இறைத்த பின்னரே நிரப்புதல் நன்று. செறிந்த நீராதலால் உப்புக் கூடுதலாக வெளியேறும்.

ஆவியான 28 லீற்றருக்கு மழைநீரை விடுவோர்க்கு அந்த ஒன்றரை மடங்கும் இல்லை. ஓட்டுக்கூரை நீரே ஏற்றது. முதல் மழையைக் கழிய விட்டு அடுத்ததைப் பிடித்து மூடிவைக்க. நாகம் பூசிய தகரக் கூரை நீர் மீனுக்கு ஆகாது. தொட்டி முழுவதையும் மழைநீரால் நிரப்புவதும் தவறு. மீனுக்குச் சிறிதளவு சுண்ணம் வேண்டும்.

ஆவணியிற் கிணறு அடிதட்டும் வீட்டினர்க்கு இத்துணைப் பெரிய தொட்டி வேண்டாமென்றே கூறுவேன். கிழமைக்கு 88 லீற்றர் ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. வைத்தே தீருவேன் என்பவர்கள், இறைத்த அறுபது லீற்றரை முற்றத்திற் கொட்டாமல் கத்தரிக்கும் மிளகாய்க்கும் விடுக. மீனின் கழிவு கலந்த அந்நீர் செடிக்கு நல்ல உரம்.