மின்வேலிக்கு முன்பு ஒரு கல் இருந்தது

நற்றிணையின் 119ஆம் பாட்டில் ஒரு புனவன் வருகிறான். தினையைத் தின்னும் பன்றிக்கு அவன் வைத்த கல் அடாரில் புலி மாட்டிக்கொள்கிறது. அடார் என்பது கனத்த பலகைக்கல். ஒரு பக்கத்தைத் தூக்கிக் குச்சியால் முட்டுக்கொடுத்து, அடியில் இரை வைப்பார்கள். விலங்கு இரையை இழுத்தால் முட்டு நழுவும், கல் விழும். தலையாலங்கானத்துப் போரைப் பாடும் புறநானூறு 19ஆம் பாட்டிலும் இந்த அடார் உண்டு.

இதைத் 'தமிழரின் தொழில்நுட்பம்' என்று மேடையில் முழங்குகிறார்கள். முழங்கட்டும். ஆனால் விலங்கின் தடம், மோப்பம், நேரம் என அந்த அறிவை நம் காலம்வரை கையில் வைத்திருந்தவர்கள் யார்? பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் வாழும் நரிக்குறவர் போன்ற மக்கள். 1972இன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. விலங்குகள் காக்கப்பட வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிழைப்பை எடுத்துக்கொண்ட அரசு கையில் எதைக் கொடுத்தது என்பதே நம் கேள்வி. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவே 2022 டிசம்பர் ஆகிவிட்டது.

பன்றி மட்டும் இன்னும் வயலுக்கு வருகிறது. பெரம்பலூர் மக்காச்சோள பூமி. கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரே இரவில் கொல்லையைப் பன்றிகள் உழுதுவிடும். சிறு விவசாயியின் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். அதற்காகச் சிலர் திருட்டுத்தனமாக மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுகிறார்கள். அடார் தன்னிடம் வந்து இரையைத் தொட்டதை மட்டும் கொன்றது. கம்பிக்கு அந்த விவரம் கிடையாது. விடியுமுன் தண்ணீர் பாய்ச்சப் போகிற கூலிக்காரரும், கழிப்பறை இல்லாததால் இருட்டில் ஒதுங்கப் போகிற சேரிப் பெண்ணும் அதற்கு ஒன்றுதான். எந்த வரப்பில் மின்சாரம் ஓடுகிறது என்று நிலமில்லாதவருக்கு யார் தண்டோரா போட்டுச் சொல்கிறார்கள்?

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. துப்பாக்கிக்கு இடம் கிடைத்தது. தடம் அறிந்த நரிக்குறவருக்கும் பச்சைமலைப் பழங்குடிகளுக்கும் அந்தத் திட்டத்தில் என்ன இடம்?

தோழர்களே, அடாரைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. பன்றிகளைக் கண்காணித்துப் பிடிக்கும் பணியில் இந்த மக்களை அரசுச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்கிறோம். மின்வேலியில் சிக்கிச் செத்த கூலிக்காரரின் வழக்கை ஊர்ப் பஞ்சாயத்தில் பணம் பேசி முடிப்பதை நிறுத்தச் சொல்கிறோம். அரியலூர், பெரம்பலூர் மாணவர்கள் தத்தம் ஊரில் இப்படி இறந்தவர்கள் யார், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு எழுதத் தொடங்குங்கள்.