விரல்களுக்குத் தெரிந்த இயற்பியல்



தேநீர் நிறைந்த காகிதக் குவளை ஒன்றைக் கையில் எடுக்கிறீர்கள். அதை எத்தனை நியூட்டன் விசையுடன் பிடிக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. நீங்களும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. ஆயினும் குவளை நழுவுவதுமில்லை, நசுங்குவதுமில்லை. அடுத்து அதே கையால் ஒரு கோழி முட்டையை எடுக்கிறீர்கள். பிறகு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாட்டில் ஒன்றைத் தூக்குகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய விசை, வேண்டிய நேரத்தில் விரல்களில் வந்து நிற்கிறது.

இதை நாம் ஓர் அறிவாகவே மதிப்பதில்லை. மூளையால் செய்வது அறிவு, கையால் செய்வது வெறும் வேலை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினை தவறு என்பது என் கருத்து. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கழிக்கும் நேரத்திற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. முதலில் கை என்ன செய்கிறது என்று பார்ப்போம்; பிறகு வழக்கைப் பேசுவோம்.

நழுவாமலும் நசுங்காமலும்

குவளையின் நிறை தேநீருடன் சேர்த்து 200 கிராம் என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கின் எளிமைக்காக 10 மீ/வி² என எடுத்துக்கொண்டால், எடை 2 நியூட்டன். கட்டைவிரல் ஒருபுறம், ஆட்காட்டி விரல் மறுபுறம். விரல்கள் குவளையை மேல்நோக்கித் தள்ளவில்லை, பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. அதை விழாமல் தாங்குவது உராய்வு. இரு விரல்களும் ஆளுக்கு 1 நியூட்டன் உராய்வு விசையைத் தர வேண்டும். விரலுக்கும் குவளைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.5 எனில், ஒவ்வொரு விரலும் 2 நியூட்டன் விசையுடன் அழுத்தினால் போதும். பரப்பு வழுக்கலாகி உராய்வுக் கெழு 0.25 ஆகக் குறைந்தால், 4 நியூட்டன் வேண்டும்.

இதைவிடக் குறைவாக அழுத்தினால் குவளை நழுவும். மிகையாக அழுத்தினால் நசுங்கும். தேநீர் கையில் கொட்டும். கெட்டியான பொருளாயினும் விரல்கள் வீணே சோர்ந்து போகும். ஆகவே நலமுள்ள கை, தேவையான குறைந்த அளவுக்குச் சற்றே மேலே நின்றுகொள்கிறது. பாலம் கட்டும் பொறியாளர், வரக்கூடிய பாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே வலிமை வைத்துக் கட்டுகிறார் அல்லவா? அதே சிக்கனமும் அதே எச்சரிக்கையும் விரலிடம் இருக்கின்றன.

முன்கூட்டியே அறியும் கை

இதுவரை சொன்னது அசையாத குவளையைப் பற்றியது. அதே குவளையை 5 மீ/வி² முடுக்கத்துடன் மேலே உயர்த்தினால், விரல்கள் தாங்க வேண்டிய விசை 0.2 × (10 + 5) = 3 நியூட்டன். அதே முடுக்கத்துடன் கீழே இறக்கினால் 0.2 × (10 − 5) = 1 நியூட்டன். அப்படியானால் கை மேலும் கீழும் அசையும்போதெல்லாம் பிடியும் கூடிக் குறைய வேண்டும். உண்மையில் அப்படித்தான் நடக்கிறது. ஃபிளனகன், விங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீடுகளில், பாரம் கூடும்போது பிடியும் கூடியது; பாரம் குறையும்போது பிடியும் குறைந்தது. பாரம் மாறிய பிறகு பிடி மாறவில்லை; இரண்டும் உடனுக்குடன் மாறின.

இதில் என்ன வியப்பு என்று கேட்கிறீர்களா? ஒரு பொருள் விரலில் நழுவத் தொடங்கினால், அச்செய்தி நரம்பின் வழியே சென்று, ஆணை திரும்பி வந்து, பிடி இறுகத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 0.07 வினாடி ஆகிறது. இந்த நேரத்தில் தடையின்றி விழும் பொருள் எவ்வளவு தூரம் விழும்? s = ½gt² என்ற சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்! செய்தி வரட்டும் என்று காத்திருக்கும் கை எப்போதும் பிந்தியே நிற்கும். எனவே மூளை காத்திருப்பதில்லை. கையை உயர்த்தும் ஆணையைத் தசைகளுக்கு அனுப்பும்போதே, 'இதனால் பாரம் இவ்வளவு கூடும். பிடியை இவ்வளவு இறுக்கு' என்ற ஆணையையும் விரல்களுக்கு அனுப்பிவிடுகிறது. நியூட்டனின் இரண்டாம் விதியை நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்திருக்கலாம். உங்கள் கை அதைப் பள்ளிக்கு வருமுன்பே கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் குவளையின் பக்கங்களை இரு விரல்களால் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றக் கையால் ஒரு சாண் உயரத்திலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை அதனுள் போடுங்கள். பழம் குவளையைத் தொடுவதற்குச் சற்று முன்பே விரல்கள் இறுகுவதை உணர்வீர்கள். இப்போது கண்களை மூடிக்கொண்டு, தம்பியையோ தங்கையையோ சொல்லாமல் பழத்தைப் போடச் சொல்லுங்கள். இம்முறை குவளை சடக்கென்று கீழிறங்கும். பிறகுதான் விரல்கள் இறுகும். முதலில் நிகழ்ந்தது முன்னறிவு. பின்னால் நிகழ்ந்தது வெறும் எதிர்வினை.

தோல் சொல்லும் செய்தி

பரப்பு வழுக்கலா, சொரசொரப்பா என்பது விரலுக்கு எப்படித் தெரிகிறது? ஸ்வீடன் நாட்டின் ஊமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹான்சன், வெஸ்ட்லிங் இருவரும் 1984ஆம் ஆண்டில் இதுபற்றி அழகான ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். சிறு பொருள் ஒன்றின் பக்கங்களில் ஒருமுறை உப்புத்தாளையும், ஒருமுறை மெத்தென்ற தோலையும், ஒருமுறை பட்டுத் துணியையும் பொருத்தி, அதைத் தூக்கச் செய்தனர். எடை மாறவில்லை. ஆனால் உப்புத்தாளுக்குக் குறைந்த பிடி, பட்டுக்கு மிகுந்த பிடி என விரல்கள் தாமே மாற்றிக்கொண்டன. முந்தைய முறை எந்தப் பரப்பு இருந்தது என்ற நினைவும் அடுத்த பிடியின் தொடக்கத்தில் தெரிந்தது.

பிறகு விரல் நுனிகளை ஊசி மருந்தால் மரத்துப்போகச் செய்து, மீண்டும் தூக்கச் சொன்னார்கள். பரப்புக்கு ஏற்பப் பிடியை மாற்றும் திறன் குலைந்துபோயிற்று. இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்னங்கையில் உள்ளன. அவற்றை மருந்து தொடவேயில்லை. வலிமை அப்படியே இருந்தது. நின்றுபோனது செய்தி மட்டுமே.

அந்தச் செய்தியைக் கொண்டுசெல்ல ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் ஏறத்தாழ 17,000 தொடு நரம்பிழைகள் உள்ளன. தோலில் ஏற்படும் அழுத்தத்தை மின் குறிப்பாக மாற்றும் 'பீசோ' என்ற புரதங்களைக் கண்டறிந்ததற்காக ஆர்டெம் பட்டபூட்டியன் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கண்ணையும் காதையும் போலவே விரலும் ஒரு நுண்கருவிதான்.

உணர்வை இழந்த கைகள்

இக்கருவி பழுதானால் என்ன ஆகும்? இதற்குரிய விடையில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். அந்நோய் விரல்களை அழுகி விழச் செய்கிறது என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். அவர் கண்டது வேறு. நோய் நரம்புகளைத் தாக்கி உணர்வைப் போக்கிவிடுகிறது. சூடான பாத்திரம் சுட்டாலும் தெரிவதில்லை. கருவியின் பிடியைத் தேவைக்கு மிஞ்சி இறுக்கினாலும் தெரிவதில்லை. காயத்தின் மேல் காயம் பட்டு, புண்ணாகி, விரல்கள் குறுகிப்போகின்றன. விரல்களைக் கெடுத்தவை பெரும்பாலும் அந்த உணரப்படாத காயங்களே.

தொழுநோய் இன்று மருந்துகளால் குணமாகும் நோய். அதைக் கண்டு அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. வேலூரில் அறிந்த உண்மை நமக்கு ஒன்றை உணர்த்துகிறது: கையின் பெருமை அதன் வலிமையில் இல்லை, அளவறிந்து பிடிப்பதில் இருக்கிறது. அளவை அறியாத வலிமை தன்னையே காயப்படுத்திக்கொள்ளும்.

வாய் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்ய

இன்னொரு சான்றைப் பாருங்கள். ஒரே எடையுள்ள இரு பெட்டிகள்; ஒன்று பெரியது, மற்றது சிறியது. தூக்கிப் பார்ப்பவர்கள் 'சிறியதுதான் கனம்' என்பார்கள். இது பழைய மயக்கம். 1891ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டின் ஷார்பாந்தியே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இப்பெட்டிகளை மீண்டும் மீண்டும் தூக்கியவர்களின் விரல் விசையையும் அளந்தனர். முதலில் பெரிய பெட்டிக்கு விரல்கள் கூடுதல் விசையைத் தந்தன. சில முறை தூக்கியதுமே இரண்டுக்கும் ஒரே அளவைத் தரக் கற்றுக்கொண்டன. ஆனால் வாய் மட்டும், 'சிறியதுதான் கனம்' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது!

அறிவு என்பது வாயால் சொல்லவோ தாளில் எழுதவோ முடிவது மட்டும்தான் என்று எண்ணுவோருக்கு இந்தச் சோதனையே என் பதில். சொல்ல வராத அறிவும் அறிவே. நெசவாளர் நூலை இழுக்கும் அளவும், குயவர் களிமண்ணை அழுத்தும் அளவும், செவிலியர் ஊசி குத்தும் அளவும் அத்தகையவை.

இந்த அறிவு பிறவியிலேயே முழுமையாக வருவதுமில்லை. ஒரு வயதுக் குழந்தை ஒரு பொருளை எடுப்பதைப் பாருங்கள். முதலில் அதை இறுக்கிப் பிடித்து, மேசைமேல் கீழ்நோக்கி அழுத்திவிட்டு, அதன் பிறகே தூக்கும். பிடிப்பதும் தூக்குவதும் நம்மைப்போல் ஒருங்கே நிகழப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயிரம் முறை தொட்டு, தூக்கி, கீழே போட்டுத்தான் கை கற்கிறது.

ஆய்வுக்கூடத்திற்கு வருவோம்

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன். பல ஆய்வுக்கூடங்களில் ஒரு கருவியைச் சுற்றி ஐந்து பேர் நிற்கிறார்கள். ஒருவர் கருவியைத் தொடுகிறார். மற்ற நால்வர் எண்களைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் ஆண்பிள்ளையாகவும், குறிப்பெடுப்பவர்கள் பெண்பிள்ளைகளாகவும் இருப்பதைப் பார்க்கிறேன். இன்னும் சிலர், முந்தைய ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்து அளவீடுகளை எழுதிவிடுகிறார்கள். 'விடை சரியாக இருக்கிறதே, இதில் என்ன இழப்பு?' என்று கேட்கிறார்கள்.

இழப்பு உண்டு. திருகு அளவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனையில் 'கிரிக், கிரிக்' என்று ஒலிக்கும் பற்சக்கரத் தலை ஒன்று இருக்கிறது. அது எதற்கு? திருகை நேரடியாக இறுக்கினால் ஒவ்வொருவர் விரலும் ஒவ்வொரு அளவில் அழுத்தும். மெல்லிய கம்பி நசுங்கி அளவு குறையும். 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும் கருவியில் அது பெரும் பிழை. ஆகவே அழுத்தம் ஓர் அளவை எட்டியதும் பற்சக்கரம் ஒலி எழுப்பிச் சுழன்றுவிடுகிறது. கருவியைச் செய்தவர் உங்கள் விரலின் விசையையும் கணக்கில் எடுத்திருக்கிறார்! கையில் பிடித்துத் திருகிப் பார்த்தவருக்கு இது ஒரு நொடியில் விளங்கும். ஏட்டைப் பார்த்து எழுதியவருக்கு 'பிழை' என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் ஒரு சொல்லாகவே நின்றுவிடும்.

கருவிகள் போதவில்லை, நேரம் போதவில்லை, மதிப்பெண்ணோ பெரும்பாலும் எழுத்துத் தேர்வுக்கே என்பீர்கள். மூன்றும் உண்மைதான். கருவிகளை வாங்கித் தருவது பெரியவர்களாகிய எங்கள் பொறுப்பு. ஆனால் இருக்கும் ஒரு கருவியை ஐவரும் முறைவைத்துத் தொடுவது உங்கள் கையில் இருக்கிறது. அளவீடு ஐந்து வேண்டுமென்றால் ஆளுக்கு ஒன்று எடுங்கள். ஐந்தும் ஏன் சற்றே வேறுபடுகின்றன என்று பேசுங்கள். அதுவே நல்ல இயற்பியல் பாடம். ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தால், நூலும் கல்லும் போதும் தனி ஊசலுக்கு.

கை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. உராய்வுக் கெழு என்ற சொல்லும், s = ½gt² என்ற சமன்பாடும் இல்லாமல் விரலின் திறமையை நம்மால் விளக்கியிருக்க முடியாது. கைக்குத் தெரிந்ததை வாயும், வாய்க்குத் தெரிந்ததைக் கையும் கற்றுக்கொள்ளும் இடமே ஆய்வுக்கூடம். அடுத்த வாரம் அங்கே செல்லும்போது குறிப்பேட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் கருவியைக் கையில் எடுங்கள்.