ஐஸ் இல்லாத ஊரிலிருந்து ஜப்பானுக்கு!



சிவகாசியில் எனக்கு ஒரு குட்டித் தோழி உண்டு. ஏழாம் வகுப்பு. டி.வி.யில் ஃபிகர் ஸ்கேட்டிங் வந்துவிட்டால் தட்டில் இருக்கும் சோறு ஆறிப்போகும். தெரியும்தானே? அடியில் கத்திபோல பிளேடு வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு, ஐஸ் தரையில் வழுக்கியபடியே நடனம் ஆடுவது.

"பெரியவளானதும் குளிர்காலத்தில் ஜப்பானுக்குப் போவேன் மாமா. ஸ்கேட்டிங் பார்ப்பேன். நானும் ஆடுவேன்" என்றாள். சுற்றி இருந்த பெரியவர்கள் 'கொல்'லென்று சிரித்தார்கள். "நீ ஐஸைப் பார்த்ததே சர்பத்துக் கடையிலதானே!" என்று கேலி வேறு.

சிரித்தவர்களுக்குத்தான் விஷயம் தெரியவில்லை என்பேன் நான்.

ஜப்பானில் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குப் பெயர்போன ஊர், பனி கொட்டித் தீர்க்கும் சப்போரோ இல்லை. நகோயா! அங்கே குளிர்காலத்தில் ஏதோ சில நாள்தான் பனி விழும். கோடையிலோ வியர்த்துக் கொட்டும். அந்த ஊரின் ஓசு என்ற கடைவீதிப் பக்கம் ஒரு ஸ்கேட்டிங் அரங்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட அரங்கங்களில் தரைக்குள் குழாய்கள் ஓடும். குழாய்களில் கடுங்குளிர் திரவம். மேலே தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உறைய வைப்பார்கள். வானத்துப் பனிக்கு அங்கே வேலையே இல்லை!

மிடோரி இடோ, மாவோ அசாடா, ஷோமா உனோ மூவரும் நகோயாவில் பிறந்தவர்கள், ஓசுவில் பழகியவர்கள். 1992, 2010, 2018 ஒலிம்பிக்குகளில் வரிசையாக வெள்ளி வாங்கினார்கள். மிடோரி 1988-ல், போட்டியில் 'டிரிபிள் ஆக்செல்' தாவிய முதல் பெண் ஆனார். காற்றில் மூன்றரைச் சுற்று, அதுவும் ஒரு நொடிக்குள்! நம்ம ஊர் தரைச்சக்கரம் எழும்பிச் சுற்றினால் எப்படி இருக்கும், அப்படி.

ஊர் சுற்றப் போகிறவர்கள் ஃபியூஜி மலை முன்னால் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. பிடித்த ஒன்றைத் தேடிப் போக வேண்டும். ஜப்பானின் என்.எச்.கே. கோப்பைப் போட்டி பெரும்பாலும் நவம்பரில், ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு ஊரில் நடக்கிறது. டிசம்பர் கடைசியில் தேசியப் போட்டி. பிப்ரவரியில் சப்போரோவில் பனித் திருவிழா. 1950-ல் பள்ளி மாணவர்கள் பூங்காவில் செய்து வைத்த ஆறு பனிச் சிலைகளில் தொடங்கியது அது. டோக்கியோவிலிருந்து நகோயாவுக்கு புல்லட் ரயிலில், சிவகாசியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போகிற நேரம்தான் ஆகும்.

செலவு? அதிகம்தான். இன்றைக்கு நம் வீடுகளில் முடியாது. ஆனால், இதே சிவகாசியிலிருந்து 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அப்போது நம் நாட்டில் விற்றது ஸ்வீடன், ஜப்பான் தீப்பெட்டிகள்! அவர்களைப் பார்த்தும் யாராவது சிரித்திருப்பார்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? ஐஸ் இல்லாவிட்டால் சக்கரம் இருக்கிறதே. ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா, சக்கர ஷூவில் இதே போன்ற நடனம் ஆடி 2010 ஆசிய விளையாட்டில் இரண்டு வெண்கலம் வாங்கினார். சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார், 2025-ல் ரோலர் ஸ்கேட்டிங் வேகப் போட்டியில் உலக சாம்பியன்!

இதற்கு வேண்டியது வழவழப்பான ஒரு சிமென்ட் தளம். சிரித்த பெரியவர்கள் பள்ளி மைதானத்தில் அதைப் போட்டுக் கொடுக்கலாம். மண்டபம் கட்டும் செலவில் காலே அரைக்கால்கூட ஆகாது.

ஜப்பான் மொழியில் வாணவேடிக்கைக்கு 'ஹனாபி' என்று பெயர். நெருப்புப் பூ என்று அர்த்தம். இதைச் சொன்னதும் நம் தோழி குதித்தாள். "அப்போ நகோயாவுக்குப் போனா, பூச்சட்டி செய்யுற ஊர்ல இருந்து வர்றேன்னு சொல்லலாம்ல மாமா?"