பாட்டி என்பது ஒரு திட்டம் இல்லை, கண்ணுகளா

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், பெங்களூரில் இருக்கும் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டிருந்தாள்: “டீச்சர், எனக்கு ஒன்றரை வயசுப் பையன். பகல்ல பார்த்துக்க நம்ம ஊர்ப்பக்கம் நம்பிக்கையான ஆள் யாராச்சும் இருந்தா சொல்லுங்க. தங்க இடம், சாப்பாடு, சம்பளம் எல்லாம் தர்றோம்.”

ஒரு மணி நேரத்தில் முப்பதுக்கு மேல் பதில். ஆள் யார் கிடைப்பார் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. “அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடு.” “மாமியார் ஊர்ல சும்மாதானே இருக்காங்க?” “குழந்தையைக் கொண்டாந்து ஊர்ல விட்டுடு, பாட்டி வளர்த்தா நல்லா வளரும்.” கடைசியில் ஒரு பெரியவர், எனக்கும் உறவுதான், “நாங்கெல்லாம் நாலு பெத்து வளர்க்கலையா?” என்று போட்டார். அதற்கு இருபது பேர் கைதட்டியிருக்கிறீர்கள்.

அங்கே பதில் எழுதினால் “குட் மார்னிங்” படங்களுக்கு நடுவில் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நாற்பது நிமிஷப் பீரியடில் உட்கார்ந்தவர்கள்தானே, உட்காருங்கள்.

முதலில் அந்தச் “சும்மா”. நல்லம்பள்ளியில் அறுபது வயதுப் பெண் எவள் சும்மா இருக்கிறாள் என்று எனக்குக் காட்டுங்கள். விடியற்காலை எழுந்து மாட்டுக்குத் தீனி போட்டு, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, தக்காளிக்கோ சாமந்திக்கோ பறிப்புக்குப் போய், குழுத் தவணையைக் கட்டி, செவ்வாய்க்கிழமை சந்தையில் ஆட்டுக்கு விலை பேசி, வீட்டுக்காரருக்கும் சோறாக்கி வைக்கிறவள் அவள். அவள் பெங்களூர் பஸ் ஏறினால் முதலில் கைமாறுவது கறவை மாடு. எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பால் பணம் யார் கணக்கிலும் நஷ்டமாக ஏறுவதில்லை. தாத்தா காலையில் ஹோட்டல் இட்லி, ராத்திரி பழைய சோறு என்று ஓட்டுகிறார். அதுவும் கணக்கில் இல்லை.

அங்கே போனபின் அவளுக்குப் பதினோராவது மாடி. காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் கிளம்பினால், சில்க் போர்டு நெரிசலைத் தாண்டித் திரும்பி வர ஏழரை, எட்டு. அதுவரை அவளும் குழந்தையும் நாலு சுவரும். ஒன்றரை வயதுப் பிள்ளையை நாள் முழுக்கப் பார்ப்பது களை எடுப்பதைவிடக் கஷ்டம். களை ஓடாது, சோபா மேல் ஏறிக் குதிக்காது, பிளக்கில் விரலை விடாது. நம் பக்கத்துப் பெண்களுக்குக் கன்னடமும் தெலுங்கும் அரைகுறையாவது காதில் விழுந்திருக்கும், சமாளித்துவிடுவார்கள். ஆனால் அந்த அடுக்குமாடி லிப்டில் எல்லாரும் பேசுவது இந்தியும் இங்கிலீஷும். பேச ஒரு ஆள் இல்லை. ஊரில் இருந்தால் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கி வைத்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அது. பதினோராவது மாடிக்கு அது வராது. தீர்ந்த மாத்திரையை வாங்கச் சொல்லி மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டு, இருப்பதைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்ட பெண் ஒருத்தி எனக்குத் தெரியும்.

பேரப்பிள்ளை மேல் ஆசை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, எனக்கும் உண்டு. ஆசைக்குப் போவது வேறு, டியூட்டிக்குப் போவது வேறு. முளைகட்டிய ராகி மாவும் நெய்யும் எடுத்துக்கொண்டு போய், பத்து நாள் கொஞ்சிவிட்டு வருவது ஆசை. மூன்று மாதம் பெண்ணைப் பெற்றவள், மூன்று மாதம் பிள்ளையைப் பெற்றவள் என்று ஷிப்ட் போடுவதற்கு ஆசை என்று பெயர் வைக்காதீர்கள். சம்பளம் இல்லை, லீவு இல்லை, “முடியலப்பா” என்று சொல்ல வாயும் இல்லை.

அடுத்து, “நாலு பெத்து வளர்க்கலையா?” வளர்த்தீர்கள். யாரை வைத்து வளர்த்தீர்கள்? அது என் வருகைப் பதிவேட்டுக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாலாவது, அஞ்சாவது படிக்கிற பெண் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு நாள் வரமாட்டார்கள். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: “தம்பியப் பாத்துக்கோணும் டீச்சர்.” விதைப்பு, அறுப்பு வந்தால் மாதக்கணக்கில் வராது. சில கெட்டிக்காரிகள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வகுப்புக்கு வந்துவிடுவார்கள். ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஒரு பக்கம் மூக்குச்சளி. நம் ஊரின் குழந்தைகள் காப்பகம் அந்தப் பத்து வயதுப் பெண்தான். அவர்களில் பாதிப் பேர் எட்டாவது தாண்டவில்லை. இன்றைக்குப் பெரிய குடும்பம், தெருவே சேர்ந்து வளர்த்தது என்று பெருமை பேசும்போது அவளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்காவின் படிப்பைத் தின்று வளர்ந்தவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களிலேயே இருக்கிறீர்கள். இப்போது அக்கா பள்ளிக்கூடம் போகிறாள், நல்லது. அந்த இடத்தில் பாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். முன்பு பத்து வயது, இப்போது அறுபது வயது. கூலி இரண்டு பேருக்கும் இல்லை.

சரி, என்னதான் செய்வது என்பவர்களுக்குக் கொஞ்சம் சட்டம் சொல்கிறேன். வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு. 1961ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்தை 2017ல் திருத்தி, 12 வாரமாக இருந்ததை 26 ஆக்கினார்கள். முதல் இரண்டு குழந்தைக்கு இது. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் குழந்தைக்கு நாலரை மாதம் ஆகும்போது அம்மா ஆபீஸில் இருப்பாள். நம் மாநில அரசு ஊழியருக்கு 2011க்கு முன் 90 நாள்தான். அப்புறம் ஆறு மாதம், 2016ல் ஒன்பது, 2021 ஜூலையிலிருந்து ஒரு வருஷம். டீச்சர் வேலை பார்க்கும் என் மாணவிகளுக்கு அது கிடைக்கிறது, எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் மாணவிக்கு 26 வாரம்தான். அதற்கப்புறம் பிள்ளைக்கு மூன்று வயதாகி, ஏதாவது ஒரு எல்.கே.ஜி.யில் சேர்க்கிற வரை நடுவில் இரண்டரை வருஷம். பிள்ளை நடக்க, பேச, விழ, எழுந்திருக்கப் பழகும் காலமெல்லாம் அதற்குள்தான். அந்த இரண்டரை வருஷத்துக்கு நாடு வைத்திருக்கும் ஏற்பாடு: பாட்டி.

அதே 2017 திருத்தத்தில் 11ஏ என்று ஒரு பிரிவு வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும். தனியாகவும் வைக்கலாம், மற்றவர்களோடு சேர்ந்து பொதுவாகவும் வைக்கலாம். தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்துவர விட வேண்டும். இந்த உரிமைகளை எல்லாம் வேலையில் சேரும்போதே அவளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2020ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே ஐம்பதுதான் கணக்கு. கவனியுங்கள், ஐம்பது பெண்கள் என்று இல்லை, ஐம்பது பேர். 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண் தொழிலாளர்களை எண்ணித்தான் காப்பகம் கேட்டது. அதனால் முதலாளி பெண்ணை வேலைக்கு வைக்கவே யோசிக்கலாம். இதில் அந்தச் சாக்கு கிடையாது. பூராவும் ஆண்களை வைத்துக்கொண்டாலும் கணக்கு கணக்குதான்.

இப்போது என் மாணவ மணிகளைக் கேட்கிறேன். உங்களில் பத்துப் பேராவது ஐம்பதுக்கு மேல் ஆள் இருக்கும் இடத்தில் மேனேஜர், டீம் லீடர், எச்.ஆர். உங்கள் ஆபீஸில் ஜிம் இருக்கிறது, டேபிள் டென்னிஸ் இருக்கிறது, தூங்க ஒரு அறைகூட இருக்கிறது, படம் போட்டிருந்தீர்கள். காப்பகம் எங்கே? “ஒரு டேகேரோடு ஏற்பாடு இருக்கு டீச்சர்” என்றான் ஒருவன். எங்கே என்று கேட்டேன். ஆபீஸிலிருந்து பதினாலு கிலோமீட்டர். பெங்களூர் டிராபிக்கில் நாலு முறை போய்வர ஹெலிகாப்டர் கொடுப்பார்களா? அந்த டேகேர் மாலை ஆறரைக்கு மூடிவிடும், இவர்களுக்கு அமெரிக்காக்காரனோடு கால் ஏழு மணிக்கு.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். நல்லம்பள்ளி ஒன்றியத்தில் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2ல் நாட்டில் தொடங்கிய திட்டம், 1982 சத்துணவுக்குப் பிறகு இங்கே வேர் பிடித்தது. இரண்டு வயதிலிருந்து பிள்ளைக்குச் சோறு, முட்டை, பாட்டு, கூட விளையாட நாலு பிள்ளைகள். நாள் முழுக்க இல்லை, இரண்டு வயதுக்குக் கீழே உள்ளதுகளுக்கு இடமில்லை, குறைகள் நிறைய உண்டு. ஆனாலும் இருக்கிறது. 2005ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை இடத்துக்கு ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் வந்தால் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ள வைத்து, அவளுக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஏரிக்கரையில் மண் வெட்டுகிற இடத்தில் குழந்தை பார்ப்பதற்குக் கூலி உண்டு என்று சட்டம் ஒத்துக்கொண்டது. உங்கள் கண்ணாடிக் கட்டடம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டடத்தைக் கட்டியதும் நம் ஆட்கள்தான், மறந்துவிடாதீர்கள். என்னிடம் படித்தவர்களில் இஞ்சினியரும் உண்டு, சென்ட்ரிங் போடுகிறவரும் உண்டு. திங்கட்கிழமை விடியற்காலை பெங்களூர் பஸ்ஸில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். இஞ்சினியர் பிள்ளை பதினோராவது மாடியில் என்றால், சித்தாள் பிள்ளை கீழே ஜல்லிக் குவியல் மேல். 1996 கட்டடத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் அங்கே பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. ஒரே இடத்தில் ஐம்பது சித்தாள் எந்த மேஸ்திரி கணக்கில் வருகிறார்கள்? 1969லேயே டெல்லியில் மீரா மகாதேவன் என்ற அம்மையார் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கூடாரம் போட்டுக் காப்பகம் தொடங்கினார். மொபைல் கிரஷ் என்று அது இன்றும் நடக்கிறது. கூடாரத்தில் முடிந்தது ஏ.சி. கட்டடத்தில் முடியாதா?

இவ்வளவு சொன்னாலும் ஒரு எதிர்க்கேள்வி வரும்: எல்லாச் செலவையும் கம்பெனி தலையில் கட்டினால் பெண்ணுக்கு வேலை கொடுக்க மாட்டானே என்று. நியாயமான கேள்வி. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு அந்த 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. நிறுவனம் தருகிறது, முதலாளி கையிலிருந்து போவதில்லை. சம்பளம் 21,000க்கு மேல் போனால் அது கிடையாது. அந்த வரம்பை உயர்த்து, காப்பகச் செலவில் அரசும் பங்கு போடு என்று கேளுங்கள். கேட்காமலே “நடக்காது டீச்சர்” என்பது எனக்குப் பிடிக்காது. பரீட்சைக்கே வராமல் பெயில் ஆக்கிவிட்டார்கள் என்று அழுகிற கதை.

ஆம்பிளைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த நாலு முறை போய்ப் பார்க்கும் உரிமையை “பெண்ணுக்கு” என்றுதான் சட்டம் எழுதியிருக்கிறது. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. சுவீடனில் இரண்டு பேருக்கும் சேர்த்து 480 நாள், அதில் 90 நாள் அப்பா எடுத்தால்தான் உண்டு, அம்மாவுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நமக்கு அது தூரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பெனியே தரும் பத்து நாளையும், “பசங்க சிரிப்பாங்க” என்று எடுக்காமல் விட்ட ஒருவனை எனக்குத் தெரியும். மார்க் வாங்குவதில் வெட்கப்படாதவன் அவன்.

கடைசியாக, உறவுக்காரர்களுக்கு. வீடியோ காலில் குழந்தை கையில் போனைப் பார்த்ததும் “அய்யோ, இப்பவே செல்லா? அம்மா என்ன பண்றா?” என்று ஆரம்பிக்கிறீர்கள். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லிவிட்டது. அதே அறிக்கை அந்த வயதுப் பிள்ளை தினம் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டு படுக்கையறை வீட்டில் முழங்கால் வலிக்காரப் பாட்டி மூன்று மணி நேரம் எங்கே ஓடுவாள்? ஒரு வாய் சோறு உள்ளே போக அவள் போனைக் காட்டுகிறாள். திட்டு மருமகளுக்கு. உங்கள் மகனிடம் இந்தக் கேள்வியை ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா?

பெங்களூர், சென்னை, ஓசூர் எங்கிருந்தாலும் சரி, இந்த வாரம் உங்கள் வேலை உத்தரவை எடுத்துப் பாருங்கள். காப்பகம் பற்றி ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை என்று எச்.ஆருக்கு எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், அதில் இரண்டு பேராவது அப்பாக்களாக இருக்கட்டும். எச்.ஆராகவே இருப்பவர்கள் பதிலைக் கீழே கமெண்டில் போடுங்கள். ஐம்பதுக்கு மேல் ஆள் இருந்தும் காப்பகம் இல்லாத இடங்களை நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கப்போகிறேன். கம்பெனி பெயரை இங்கே பொதுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒரே வளாகத்தில் இருக்கும் ஆபீஸ்கள் எவை என்று தெரிந்தால், பொதுவாக ஒரு காப்பகம் கேட்க உங்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைக்கிறேன்.