தேவாங்கைப் பார்க்கப் போறீங்களா?

ஒல்லியான பிள்ளையை ‘தேவாங்கு’ என்று திட்டுகிறோமே, நிஜ தேவாங்கைப் பார்த்திருக்கிறீர்களா? மருங்காபுரிவாசிகளுக்குக் கடவூர் மலை அதிக தூரமில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022-ல் தமிழக அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது!

இளவேனிலில் குழந்தைகளோடு போக ஆசையா? வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். அது ராத்திரிப் பிராணி. கும்பலாகப் போய் முகத்தில் டார்ச் அடித்தால் பாவம், கண் கூசும். சத்தம் போடாமல், தள்ளி நின்று பாருங்கள்; அதுதான் மரியாதை.

பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிற ஜீவன் அது. ஆனால், மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் என்று அதைக் கொன்றிருக்கிறார்கள். ‘தேவாங்கு மருந்து, கண்ணுக்கு நல்லது’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கண்ணில் கோளாறென்றால் கண் டாக்டரிடம் போங்க!