மழையை விரட்டுவது காற்றாலையா?

குற்றாலத்தில் சீசன் பொய்த்துப்போகும் ஆண்டுகளில் தென்காசி வட்டார டீக்கடைகளில் ஒரு குற்றச்சாட்டு தவறாமல் எழும். காற்றாலைக் காத்தாடிகள் மேகத்தைக் கலைக்கின்றன, சாரலை அடித்து விரட்டுகின்றன என்பது அது. மகாராஷ்டிரத்தின் சாங்லி, சாத்தாரா பகுதி உழவர்களும் வறட்சிக் காலங்களில் இதையே சொல்லியிருக்கிறார்கள். விவரம் தெரியாதவர்களின் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஏனென்றால் இதற்குள் ஓர் உண்மையான அவதானிப்பு இருக்கிறது. சுரண்டை, ஆலங்குளம், ஊத்துமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்கும் நிலங்களில் ஆனி, ஆடியில் காற்று உண்டு, மழை இல்லை. கண்ணால் கண்டது சரிதான். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்ததில்தான் பிழை. காற்றாலை வந்ததால் அங்கே மழை நின்றுவிடவில்லை. மழையைப் பெய்து முடித்த வறண்ட காற்று வேகமாக வீசும் இடம் என்பதால்தான் அங்கே காற்றாலை வந்தது.

முதலில் காற்று வரும் வழியைப் பார்ப்போம். 23.5 டிகிரி சாய்ந்து சுழலும் பூமியின் வடபாதி ஜூன் மாதத்தில் சூரியனை நோக்கியிருக்கிறது. வட இந்திய நிலப்பரப்பு காய்ந்து, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று நிலநடுக்கோட்டைக் கடந்து, பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாகக் கேரளக் கரையில் ஏறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறிக்கிறது. மலைமேல் ஏறும் காற்று குளிர்ந்து, நீராவி துளியாகி, மழையாகக் கொட்டுகிறது. முகட்டை ஒட்டிப் பெய்யும் அந்த மழைதான் குற்றாலத்தின் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றால அருவிக்கும் தண்ணீர் தருகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழையும் ஈரம் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் சாரலாகிறது. இத்தனைக்கும் பிறகுதான் காற்று கிழக்கே சமவெளிக்குப் போய்க் காற்றாலை இறக்கைகளைத் தொடுகிறது. அருவிகளின் நீர்ப்பிடிப்பு மலை காப்புக்காடு. காற்றாலைகள் நிற்பது அதற்குக் கிழக்கே. முன்னால் நிற்கும் தடை பின்னால் வரும் காற்றைக் கொஞ்சம் மட்டுப்படுத்தாதா என்று கேட்கலாம். மட்டுப்படுத்தும்தான். ஆனால் அந்த விளைவு மிஞ்சிப்போனால் சில கிலோமீட்டரோடு சரி. ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் மலையின் அந்தப் பக்கத்து மழையை அது எட்டாது.

"மேகம் காத்தாடிப் பக்கம் வந்ததும் கலைவதைக் கண்ணால் பார்க்கிறோமே" என்பது அடுத்த வாதம். தென்காசியிலிருந்து மேற்கே பார்த்தால் சீசன் நாட்களில் மலைமுகட்டை வெண்மேகம் மூடிக் கிடப்பது தெரியும். காற்றோ மரத்தை வளைத்து வீசும். ஆனாலும் அந்த மேக விளிம்பு முகட்டை விட்டு நகராமல் அங்கேயே நிற்பதுபோல் இருக்கும். உண்மையில் அது நிற்கவில்லை. மேற்குப் பக்கத்தில் புதிதாக மேகம் உருவாகிக்கொண்டே இருக்கிறது, கிழக்குப் பக்கத்தில் கரைந்துகொண்டே இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் சூடாகும். சூடாகும் காற்றில் மேகத்துளிகள் மீண்டும் நீராவியாகிவிடும். முதல் காத்தாடியைத் தொடுவதற்கு வெகு முன்பே, மலையடிவாரத்திலேயே மேகம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. இதைத்தான் பள்ளிப் புத்தகம் மழைமறைவுப் பகுதி என்கிறது. ஆலங்குளமும் சங்கரன்கோவிலும் ஆனி, ஆடியில் வறண்டு கிடப்பது மலை தோன்றிய காலத்திலிருந்து வரும் கதை.

மூன்றாவது நம்பிக்கை காற்றாலையின் உருவத்திலிருந்து பிறந்தது. வீட்டு மின்விசிறியைப் போல மூன்று இறக்கைகள் சுழல்வதால், அதுவும் காற்றை ஊதித் தள்ளுகிறது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. நடப்பது இதற்கு நேர்மாறானது. மின்விசிறி மின்சாரத்தை வாங்கிக் காற்றைத் தள்ளும். காற்றாலை காற்றின் வேகத்தில் ஒரு பங்கை எடுத்து மின்சாரமாக்கும். எடுக்கும் பங்குக்கும் இயற்கை வரம்பு வைத்திருக்கிறது. இறக்கை வட்டத்துக்குள் வரும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த எந்திரத்தாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டினார். நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. இறக்கையின் நுனி மிக உயரத்தில் இருக்கும்போதுகூட, இன்றைய பெரிய எந்திரங்களில் அது தரையிலிருந்து 200 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பருவமழை மேகங்களோ பல கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்காக எழுபவை.

ஆற்றல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் தெளிவாகும். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர் தண்ணீர். நீராவி அத்தனை தண்ணீராக மாறும்போது வானில் வெளியாகும் வெப்பத்தை மின்சார யூனிட்டில் சொன்னால் ஏறத்தாழ 70 லட்சம் யூனிட். இரண்டு மெகாவாட் காற்றாலை ஒன்று நல்ல காற்றுள்ள இடத்தில் ஓராண்டு முழுவதும் ஓடினால் தருவது 45 முதல் 50 லட்சம் யூனிட். ஓர் எந்திரத்தின் ஓராண்டு உழைப்பு, ஒரு சிறு நிலத்தில் ஒருமுறை பெய்யும் மழையின் ஆற்றலுக்குக்கூட ஈடாகவில்லை. கடல் நீரை ஆவியாக்குவதும், காற்றை ஓட்டுவதும், அருவியை மலைமேல் ஏற்றி வைப்பதும் சூரியன்தான். பூமிக்கு வரும் சூரிய ஆற்றலில் ஒன்றிரண்டு விழுக்காடுதான் காற்றோட்டமாக மாறுகிறது. அதிலும் ஒரு துளியைத்தான் காற்றாலை தொடுகிறது.

"எங்கள் அப்பா காலத்தில் இப்படியா இருந்தது?" என்ற கேள்விக்கு ஆண்டுக் கணக்கே பதில் சொல்லும். தமிழ்நாட்டில் மின்கட்டமைப்போடு இணைந்த முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. 1876-78-ல் சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்துக்கு எந்தக் காத்தாடி காரணம்? காற்றாலைதான் மழையை விரட்டுகிறது என்றால், மாநிலத்தின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே வந்த இந்தக் காலத்தில் மழை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்திருக்க வேண்டும். நடந்தது அப்படியல்ல. 2018 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளமே வெள்ளத்தில் மிதந்தது. பசிபிக் பெருங்கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிலவிய 2023-ல், 1901-க்குப் பிறகான மிக வறண்ட ஆகஸ்டை இந்தியா கண்டது. நடுவில் காற்றாலைகள் இடம் மாறவில்லை. மாறியது கடலின் வெப்பநிலை.

இந்த இடத்தில் நுட்பமான ஒரு மறுப்பு வரலாம். வடகிழக்குப் பருவமழையின்போது காற்று கிழக்கிலிருந்து வருகிறது, அப்போது காற்றாலைகள் தென்காசிக்கு முன்னால் அல்லவா நிற்கின்றன என்று. நியாயமான கேள்வி. ஆனால் காற்றாலைகளின் உற்பத்தியில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரைதான். ஐப்பசி, கார்த்திகையில் அவை பெரும்பாலும் மெதுவாகச் சுற்றும், அல்லது சும்மா நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தமிழ்நாட்டில் காற்றாலைகள் அடர்ந்த பகுதிகளில் இந்த மாவட்டங்கள் முக்கியமானவை. அங்கே நின்ற ஆயிரக்கணக்கான காத்தாடிகள் அந்த மழையில் ஒரு சொட்டையும் தடுத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் காற்றாலை சுற்றுச்சூழலைத் தொடுவதே இல்லையா? தொடுகிறது. அதை மறைப்பது அறிவியல் ஆகாது. இறக்கைகள் காற்றைக் கலக்குவதால், பெரிய பண்ணைகளுக்கு அடியில் இரவில் தரைப்பரப்பு சற்றே சூடாவதை அமெரிக்காவின் டெக்சாஸில் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. மழையைப் பற்றிச் சொன்ன ஆய்வும் உண்டு. சகாரா பாலைவனம் முழுவதையும் காற்றாலைகளாலும் சூரியத் தகடுகளாலும் நிரப்பினால் என்ன ஆகும் என்று கணினி மாதிரியில் பார்த்த ஆய்வு 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அங்கே மழை கூடும் என்பதே அதன் முடிவு. அந்த ஆய்வில் மழையில் மாற்றம் தெரிந்தது ஒரு பெரும் பாலைவனத்தையே மூடியபோதுதான். அப்போதும் அது ஊர்ப்பேச்சுக்கு எதிர்த்திசையில் இருக்கிறது.

காற்றாலைகள் மீது ஊராருக்கு உள்ள வேறு குறைகளை இந்த வாதம் தள்ளுபடி செய்துவிடாது. ராட்சத வண்டிகளுக்குப் பாதை போடும்போது ஓடைகள் அடைபடுவது, குளத்துக்கு வரும் கால்வாய் மண்மூடிப் போவது, பனைகள் சாய்க்கப்படுவது, அடிமாட்டு விலைக்கு நிலம் கைமாறுவது ஆகியவை மழைத்தண்ணீர் குளத்தில் சேர்வதையும் பிழைப்பையும் நேரடியாகத் தொடும் பிரச்சினைகள். இவற்றை அளந்து காட்டலாம், வழக்குத் தொடுக்கலாம், தடுத்தும் நிறுத்தலாம். குற்றாலத் தண்ணீரைப் பற்றிய கவலைக்கும் உரிய இடம் வேறு இருக்கிறது. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைக்கும் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. மழை ஓய்ந்த பிறகும் அருவி விழுவதற்குக் காரணம், நீரை உறிஞ்சி வைத்து மெல்ல விடும் காட்டு மண். அந்தக் காடு குறைந்தால், பெய்யும் மழை சிற்றாற்றில் வெள்ளமாக ஓடி மறையும், அடுத்த வாரமே பாறை காயும்.

மேகத்தைக் கலைக்கிறது என்று காத்தாடியைத் திட்டுவதால் லாபம் அடைபவர்கள் ஓடையை மூடியவர்களும் நீரோட்டத்தைத் திருப்பியவர்களும்தான். எந்த எந்திரத்தையும் கைகாட்டுவதற்கு முன், அது காற்றின் பாதையில் அருவிக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று கேளுங்கள். தென்காசியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வரைபடத்தையும் காற்று வீசும் திசையையும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு ஒரே பாடவேளையில் பதில் கண்டுவிடுவார்கள். ஆசிரியர்கள் அதை வகுப்பில் செய்து பார்க்க வேண்டும்.